ஏணிக்குப் பொருந்திய வண்டி

ஒரு ஜீப்பின் வாசல் எவ்வளவு அகலம் என்பதை ஏணி தன் முதுகெலும்பால் அளந்தவர். நான்கு பேர் சேர்ந்து அவரை அந்த வழியாக வெளியே இழுத்தபோது தலை வந்தது, தோள் வந்தது, முழங்கால் மட்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். இடுப்புக்குச் சற்று மேலே ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் ஜாக்கி லிவர் வந்தது.

ஆறடி நாலங்குலம். ஸ்டாண்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவியைத் தவிர எல்லோருக்கும் அவர் ஏணிதான்.

மலை உச்சியில் ஒரு கல்குவாரி. அதை ஒட்டி வேலை செய்பவர்களின் தகரக் குடியிருப்பு. அடிவாரத்திலிருந்து அங்கே போவதைப் பாதை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான் ஏறும். கீழே ஒரு ஜீப் ஸ்டாண்டு, மேலே ஒன்று. கீழ் ஸ்டாண்டு வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகலாம். திரும்பும்போது காலியாகத்தான் இறங்க வேண்டும். மேலிருந்து ஆளை இறக்குவது மேல் ஸ்டாண்டின் உரிமை. அவர்கள் காலியாக ஏற வேண்டும். இதை எந்த அரசாங்கமும் எழுதவில்லை. பல்லும் விரலும் உடைந்து உடைந்து உருவான சட்டம்.

அந்த மலையில் பாதி நாள் பனிமூட்டம். எதிரே வரும் வண்டியின் நிறம் தெரியாது, நம்பர் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உருவத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். குனிந்து ஓட்டுகிறவர், முழங்கையை வெளியே போடுகிறவர், தொப்பிக்காரர். படுதாக் கூரையில் தலை இடிக்கிற உயரத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் ஏணி. இன்னொருவன் ஒட்டகம்.

ஒட்டகம் கீழ் ஸ்டாண்டுக்காரன்தான், ஆனால் சட்டத்தை மதிக்காதவன். மேலிருந்து யாராவது அவசரமாகக் கை காட்டினால் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவான். மேல் ஸ்டாண்டு பல நாளாக அவனுக்காகக் காத்திருந்தது. ஏணியின் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஒரு நாள், சவாரியை விட மனமில்லாமல் ஒட்டகத்தின் பச்சை ஜீப்பை இரவல் வாங்கிக்கொண்டு ஏறினார். ஸ்டாண்டில் வேறு எந்த வண்டியிலும் அவர் கால் நுழையாது. காலியாகத்தான் இறங்கினார். மூன்றாவது வளைவில் கட்டையைக் குறுக்கே போட்டு மறித்தார்கள்.

"நான் ஒட்டகம் இல்லடா! ஏணிடா!" என்று கத்தினார்.

"ஏணியா? அப்ப உன் மேலயே ஏறுறோம்" என்றது ஒரு குரல். ஏறினார்கள்.

ஏறியவர்களில் முதல் ஆள் கொக்கி. சின்ன வயதில் முறிந்த இடது முழங்கை சரியாகச் சேராமல் வளைந்தே நின்றுவிட்டதால் அந்தப் பெயர். மேல் ஸ்டாண்டில் அவன் சொல்தான் சட்டம். ஆள் மாறிப்போன விஷயம் தெரிந்து, இரண்டு ஸ்டாண்டுக்கும் பஞ்சாயத்து பேசுகிறவர்கள் போய்க் கேட்டபோது அவன் வருத்தப்படவில்லை. "அவ்வளவு ஒசரமா வளர்ந்தது அவன் தப்பு. நானா வளரச் சொன்னேன்?" என்றான். ஒட்டகம் அந்த வாரமே வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊரை விட்டுப் போனான்.

ஏணி ஒரு ஆபரேஷனுக்குப் பிறகும் பல மாதம் எழுந்து நடக்கவில்லை. அவருடைய சொந்த ஜீப் அந்தச் செலவுக்கே போய்விட்டது. பிசியோதெரபி செய்ய வந்த பெண் குள்ளம், ஆனால் குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கும். தினமும் ஒரே கட்டளை.

"அண்ணே, இடது கால் கட்டை விரலைத் தூக்குங்க."

விரல் அடுத்தவர் வீட்டு விரல் போலக் கிடந்தது. ஒரு நாள் லேசாக அசைந்தது. இன்னொரு நாள் உயர்ந்தது. அன்று அவள் கைதட்டவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இது தூக்குற வரைக்கும் நீங்க டிரைவர். டிஸ்க் இன்னொரு தடவை பிதுங்கி நரம்பை நசுக்குச்சுன்னா இது தூக்காது. பாதம் தொங்கிடும். கிளட்ச் மிதிக்க முடியாது. அப்புறம் கடைசி வரைக்கும் நீங்க பாசஞ்சர்தான்."

"அப்ப வண்டியே ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார் ஏணியின் மனைவி.

"ஓட்டட்டும்க்கா. ஆனா கண்ட வண்டியில ஏறக் கூடாது. இடுப்பை விட முழங்கால் மேல போகக் கூடாது. தலை இடிக்குதுன்னு குனியக் கூடாது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முதுகு சீட்டை விட்டு வரவே கூடாது. அவரு சைசுக்கு ஒரு வண்டி பாருங்க."

"அவரு சைசுக்குச் சட்டையே கிடைக்கல."

மனைவிக்கு வண்டி சீட் தைக்கிற வேலை. சந்தின் முனையில் ஒரே அறைக் கடை. ரெக்சின் சுருள்கள், ஸ்பாஞ்ச் துண்டுகள், டிராக்டர் போல உறுமும் ஒரு தையல் மெஷின். கணவரின் நெஞ்சுப் பட்டன் உயரம்தான் இருப்பார். உட்காருகிற விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வண்டி தேடும் வேலையை அவரே கையில் எடுத்துக்கொண்டார். கழுத்தில் அளவு டேப், இடுப்பில் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

வேறு வேலை பார்க்கலாமே என்று ஏணியிடம் சொன்னவர்கள் உண்டு. வேறு என்ன வேலை? சமவெளியில் ஓடும் சின்னக் கார்களில் அவர் முழங்கால் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். லாரியில் ஏறி இறங்கக் கூடாது. மேலே போகிற பாதையின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. ஸ்டாண்டில் ஒரு நண்பர் தன் ஜீப்பைக் கொடுத்து ஒரு காலை நேரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மதியம் அவரை அதிலிருந்து பீரோவை இறக்குவது போல நான்கு பேர் இறக்கினார்கள்.

முதலில் பார்த்தது ஒரு காண்டிராக்டரின் வண்டி. இரும்புக் கூரை, ஏசி, பளபளவென்று உடம்பு. உள்ளே உட்கார்ந்தால் தலை இடிக்கவில்லை. ஆனால் சீட் தரையோடு தரையாக இருந்தது, முழங்கால் முகவாய்க்கு வந்தது. கிளட்ச் கல்லாகக் கனத்தது. தெரு முனையின் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஏணி பல்லைக் கடித்த சத்தம் பின்சீட்டில் இருந்த மனைவிக்குக் கேட்டது. அவர் அதற்குள் சீட்டின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டிருந்தார். கையை வெளியே எடுத்தபோது நகக்கண் முழுக்க மெல்லிய வண்டல்.

"சார், இது தண்ணிக்குள்ள எத்தனை நாள் கெடந்துச்சு?"

காண்டிராக்டர் வண்டியைத் திருப்பச் சொன்னார். வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் விசில் அடித்தார். கூண்டைத் திறந்தார்கள். நாய் வந்தது. மனைவி சுவரேறிவிட்டார், ஏணியால் ஓட முடியவில்லை. அது அவர் கெண்டைக்காலைக் கவ்வி, துணி உதறுவது போல உதறியது. அளவு டேப்பின் இரும்பு நுனியால் மனைவி அதன் மூக்கில் அடித்து அடித்துத்தான் விடுவித்தார். ஆட்டோவில் போகும்போது ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஏணி சொன்னார்: "பரவால்ல. வலது கால்தான்."

இரண்டாவது வண்டி ஒரு மரக்கடை முற்றத்தில் நின்றது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. விற்க முன்வந்தவர் தம்பி. அண்ணனிடம் சொல்லவில்லை என்பதை அவர் இவர்களிடமும் சொல்லவில்லை. ஏணி கால்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே நுழைத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவே விரல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அப்போது முன் கண்ணாடி உள்ளே வந்து விழுந்தது.

விஷயம் தெரிந்து வந்த அண்ணன், கண்ணாடியில் இறக்கிய கோடாலியைப் பிடுங்கி மறுபடி ஓங்கினார். இந்தத் தடவை பானெட்டுக்கு.

"அப்பன் வாங்கின வண்டிடா! எவனுக்குடா விக்கிற?"

"உனக்கும் எனக்கும்தான்டா வாங்கினாரு! பாதி என்னுது!"

"அப்ப உன் பாதியை வெட்டி எடுத்துக்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஹெட்லைட்டைப் பிளந்தார். தம்பி ஒரு மரச்சட்டத்தை எடுத்து அண்ணனின் காதோடு சேர்த்து வீசினார். அண்ணன் வாயிலிருந்து எதையோ துப்பினார், அது பல். இருவரும் மரத்தூளில் உருண்டார்கள். தூள் சிவந்தது. நடுவே ஏணி மடியெல்லாம் கண்ணாடிச் சில்லோடு உட்கார்ந்திருந்தார். பயத்தில் முதுகு பூட்டிக்கொண்டது. காலை எடுக்க வரவில்லை.

"இறங்குங்க!" என்றார் மனைவி.

"முடியலம்மா."

"முட்டி மடக்கவே எடமில்லாத வண்டிய எவன் வாங்குவான்! நீங்க வேற, உள்ள போய் உக்காந்துட்டீங்க!"

சீட்டைப் பிடித்திருந்த துருவேறிய போல்ட்டுகளை அவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, சீட்டோடு சேர்த்துக் கணவரைப் பின்னால் சாய்த்து, பின்பக்க வழியாக இழுத்து எடுத்தார். அண்ணன் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வண்டி நின்றது புரோக்கர் சத்தியத்தின் முற்றத்தில். அவர் பெயர் அதில்லை. வாயைத் திறந்தால் சத்தியம் செய்வதால் வந்த பெயர். பெரும்பாலும் அம்மா மேல். அந்த அம்மா செத்துப் பல வருடம் ஆகிறது, அதனால் நஷ்டம் யாருக்கும் இல்லை.

"வெள்ளை வண்டி, அண்ணே. படுதா டாப். அலுங்காம வச்சிருந்த ஆளு. எங்கம்மா மேல சத்தியம்."

மனைவி வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தார். டார்ச் வெளிச்சத்தில் சேஸ் என்ற அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தார், எங்கும் பொதபொதக்கவில்லை. கியர்பெட்டியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் ஆயில் கசிவு இல்லை. முற்றத்தில் ஒரு மண்மேடு இருந்தது. ஏணி வண்டியை அதன் முன்னால் நிறுத்தி, சின்ன லிவரைப் பின்னுக்கு இழுத்து நாலு சக்கர லோ கியரில் போட்டார். வண்டி ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே, கிழவி படியேறுவது போல, நிதானமாக ஏறி இறங்கியது. சக்கரம் வழுக்கவில்லை. எங்கேயும் டொக்கென்று சத்தம் இல்லை.

ஆனால் ஏணி கவனித்தது அதையெல்லாம் அல்ல. மேட்டிலிருந்து இறங்கும்போது முதுகு ஒன்றும் சொல்லவில்லை. முதன்முறையாக.

வண்டியை நிழலில் போட்டுவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தார். பிசியோதெரபிப் பெண் சொன்னது அது: ஒரு சவாரிக்கு ஆகிற நேரம் உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க. புரோக்கர் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார்.

"ஏண்ணே, வண்டி வாங்க வந்தீங்களா, வாடகைக்கு உக்கார வந்தீங்களா?"

ஏணிக்கு அது காதில் விழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். சீட் ஓடும் தண்டில் பின்பக்கமாகப் புது ஓட்டைகள் போட்டு, சீட்டை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியிருந்தது. கீழே கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. படுதாவைத் தாங்கும் குழாயை வெட்டி, நடுவில் துண்டு வைத்து வெல்டிங் செய்து கூரையைத் தூக்கியிருந்தது. பெடல்கள் மேல் தகடு. யாரோ தன் உடம்புக்கு இந்த வண்டியைத் தைத்திருக்கிறார்கள். அந்த உடம்பு இவருடையதைப் போலவே இருந்திருக்கிறது.

வலது கை தானாக உயர்ந்து, கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்தது. கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நான்கு பேர் இழுக்கும்போது ஒரு ஆள் விடாமல் பிடித்துத் தொங்கினால் எப்படி வளையுமோ அப்படி.

இறங்கினார். வண்டியின் ஓரத்தில் கையை ஊன்றி வாந்தி எடுத்தார். மனைவி ஓடி வந்தார். கணவர் காட்டிய கம்பியைப் பார்த்தார். பிறகு கதவோரத்தில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கோடு கிழித்தார். வெள்ளைக்கு அடியில் பச்சை.

"பெயின்ட் மட்டும்தான்க்கா மாத்தினேன்" என்றார் புரோக்கர். "மத்தபடி எங்கம்மா மேல..."

"உங்கம்மா எந்திரிச்சு வந்து உன்னை அறையப் போறாங்க, பாத்துக்க."

ஏணி பக்கத்து வண்டியின் டூல் பெட்டியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்ததை இருவரும் பார்க்கவில்லை. முதல் அடி கம்பியில் விழுந்தது. இரண்டாவது டேஷ்போர்டில். மீட்டர் கண்ணாடி தெறித்தது. அப்புறம் கதவு, மட்கார்ட், மறுபடி கதவு. அவரிடமிருந்து வந்த சத்தம் அழுகையும் அல்ல, கோபமும் அல்ல. கல்லுடைக்கிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் விடுகிற மூச்சு. ஸ்டாண்டில் சண்டை என்றால் விலக்கிவிடப் போகிற ஆள் அவர். அன்று புரோக்கர் கிட்டே வந்திருந்தால் தலை பிளந்திருக்கும்.

"என் வண்டிடா! அடப்பாவி, என் வண்டி!" என்று தூரத்திலிருந்தே கத்தினார் புரோக்கர்.

முதுகு பிடித்துக்கொண்டதும்தான் நின்றார். ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. மெல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அதே சீட்டில் போய் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்கார? அங்கே மட்டும்தான் வலி விட்டது.

மனைவி ஸ்பானரை எடுத்து எட்ட வைத்தார்.

"அடிச்சு முடிச்சாச்சா?"

அவர் தலையசைத்தார்.

"இதை வாங்கிக்கிறோம்" என்றார் மனைவி, புரோக்கர் பக்கம் திரும்பி. "நசுங்கின வண்டி. நசுங்கின விலை சொல்லு."

கடையில் சீட்டைக் கழற்றி, கீழ்முதுகுக்கு மேடு வைத்து, தொடைக்கு நீளம் கூட்டித் திரும்பத் தைத்தார். சரிவில் இறங்கும்போது இடுப்பு முன்னால் வழுக்கக் கூடாது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்ததால், கனரக நைலான் பட்டையை மூன்று மடிப்பாக அடித்து ஒரு பெல்ட் செய்தார். இடுப்பைச் சுற்றி ஒன்று, தோள் மேல் ஏறி வரும் இரண்டு. அதன் முனைகளைச் சீட்டில் கட்டாமல், வெல்டரைக் கூப்பிட்டு நேராகச் சேஸில் போல்ட் போட்டார். ஏணி மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, கைதி மாதிரி கட்டி வச்சிருக்க."

"கட்டாம விட்டதாலதான் வெளிய இழுத்துப் போட்டாங்க."

முதல் சவாரியில் குவாரி ஆட்கள் நிறைய ஏறினார்கள். ஏணி திரும்பி வந்துவிட்டார் என்று தோளில் தட்டினார்கள். முதுகில் தட்ட வந்தவனை மட்டும் எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ஏறும்போது வெயில். மேலே ஆட்களை இறக்கிவிட்டு, யார் கை காட்டியும் நிறுத்தாமல், சட்டப்படி காலியாகத் திரும்பினார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. வழியில் ஒதுங்கி நின்ற மேல் ஸ்டாண்டு ஜீப் ஒன்றைக் கடந்தார். அதிலிருந்தவர்கள் பார்த்தது தூக்கிய கூரையையும் அதுவரை எட்டும் தலையையும். பார்த்ததைக் கீழே வளைவில் நின்றவர்களுக்குப் போனில் சொன்னார்கள்.

மூன்றாவது வளைவில் கட்டை கிடந்தது.

"ஒட்டகம் வந்துட்டான்டா!"

பனிக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவனின் இடது கை வளைந்தே இருந்தது.

"கொக்கி! நான் ஏணிடா! காலியாத்தான் இறங்குறேன், பின்னாடி பாரு!"

"அன்னைக்கு அவனும் இதைத்தான்டா சொன்னான்" என்றான் கொக்கி. "அவன் இப்ப படுக்கையில கெடக்கான். அவன் பேரைச் சொன்னா உன்னை விட்டுடுவோமாடா?"

ஜாக்கி லிவர் தோளில் இறங்கியது. அடுத்தது தலைக்கு வந்தது. உயர்த்திய கூரைக் குழாய் அதை வாங்கிக்கொண்டது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்து வந்தது, ஆள் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்கள். நைலான் பட்டை எலும்போடு ஒட்டி இறுகியது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

"என்னடா இவன், வண்டியோட முளைச்சிருக்கான்!"

கொக்கி மிதிப்பலகையில் ஏறினான். வளைந்த கையைக் கூரைக் குழாயில் மாட்டிக்கொண்டு, மறு கையால் லிவரை இடுப்புக்குக் குறி பார்த்துக் குத்தினான். அங்கேதான். பழைய இடத்திலேயே. ஏணியின் இடது கால் முழுக்க மின்சாரம் ஓடியது. கட்டை விரலை நினைத்தார். வேறு எதையும் நினைக்கவில்லை என்று இன்றும் சொல்கிறார். வேண்டுமென்று செய்தாரா என்று கேட்பவர்களுக்கு அவருடைய பதில் இதுதான்: "கிளட்ச் மிதிக்க முடியுதான்னு பாத்தேன். முடிஞ்சுது."

சின்ன லிவர் பின்னுக்குப் போனது. முதல் கியர். வண்டி உறுமவில்லை, அந்தக் கியரில் எந்த வண்டியும் உறுமாது. முன் சக்கரங்கள் கட்டையைத் தொட்டன, பற்றின, ஏறின. வண்டி மூக்கைத் தூக்கியது. பிறகு அந்தப் பக்கம் சாய்ந்து இறங்கியது. கொக்கியின் கால் மிதிப்பலகையிலிருந்து நழுவியது. ஆனால் கை குழாயில் மாட்டிக்கொண்டு நின்றது. வளைந்த கை, உடனே எடுக்க வராது. பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே, பாதம் தரையைத் தேடி, கட்டைக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே போனது.

காய்ந்த விறகு முறிகிற சத்தம். அதற்கு மேல் ஒரு அலறல். வண்டியின் பின்பகுதி மெதுவாக, மிக மெதுவாக அதன் மேல் ஏறி இறங்கியது. லோ கியரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

ஏணி வண்டியை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியில் பார்த்தார். மற்ற இருவரும் கட்டையருகே நின்றிருந்தார்கள். கொக்கி சேற்றில் கிடந்தான். கணுக்காலுக்குக் கீழே செருப்பு ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் பார்த்தன. எலும்பின் முனை வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ரத்தம் அதை மூடியது.

ஒருவன் தயங்கித் தயங்கி முன்னால் வந்து ஏணியின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே... ஏணிண்ணே. நீங்கதானா?"

"எத்தனை தடவைடா சொல்றது!"

"மறுபடியும் ஆளு மாறிடுச்சுடா" என்று அவன் திரும்பி மற்றவனிடம் சொன்னான்.

"தூக்கிப் பின்னாடி போடுங்க" என்றார் ஏணி. "நான் தூக்க மாட்டேன். எனக்கு வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இருவரும் அசையவில்லை. ஒருவன் மற்றவனைப் பார்த்தான்.

"கீழ் ஸ்டாண்டு வண்டிடா இது. மேலேருந்து ஆளை ஏத்திட்டு இறங்கக் கூடாது."

"நம்ம வண்டி மேல நிக்குது. போய் எடுத்துட்டு வரலாமா?"

"டேய்!" என்று சேற்றிலிருந்து கொக்கி கத்தினான். "நான் சாகப் போறேன்டா! இப்ப ரூல் பேசுறீங்களாடா!"

"நீங்க போட்ட ரூல்தானேண்ணே."

கடைசியில் தூக்கிப் போட்டார்கள். ஒருவன் தன் சட்டையைக் கழற்றிக் காலை இறுக்கிக் கட்டினான். ஏணி வளைவு வளைவாக இறங்கினார். ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து ஒரு அலறல் வந்தது.

"மெதுவா... மெதுவா போடா, பாவி."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நின்னுடும்."

"ஆடுதுடா வண்டி!"

"முன் சீட்டுல ஆடல" என்றார் ஏணி. தோளிலிருந்து வழிந்த ரத்தம் முழங்கையில் உறைந்திருந்தது. "பின் சீட்டு இன்னும் தைக்கல."

கீழ் ஸ்டாண்டில் நின்றவர்கள் ஏணியின் வண்டி ஆளோடு இறங்குவதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். யார் என்று தெரிந்ததும் இரண்டு பேர் கல்லெடுத்தார்கள். ஏணி ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அவர்களுக்கு நடுவே ஓட்டிப் போனார். ஒரு கல் மட்கார்டில் பட்டது. ஏற்கெனவே நசுங்கியிருந்த இடம்தான்.

ஆஸ்பத்திரியில் கொக்கியைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அதுவரை ஏணி சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கப் பயந்தார். மனைவிக்குப் பேசப் போனைக் கையில் எடுத்து, திரும்பக் கால்சட்டைப் பையில் போட்டார். பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, கம்பியைப் பிடித்து, முதலில் வலது காலை, பிறகு இடது காலைத் தரையில் வைத்தார். நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடைகூடம் வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இடது செருப்பைக் கழற்றினார்.

எதிரே, கொக்கியைக் கொண்டுபோன அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டரின் குரல் கேட்டது.

"கால் கட்டை விரலைத் தூக்குங்க."

ஏணி தன் விரலைப் பார்த்தார். நகத்தில் மலைச் சேறு. அது நடுங்கியது, பிறகு உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது.

உள்ளே டாக்டர் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். இந்த முறை கொஞ்சம் சத்தமாக.